மைன்கிராஃப்ட்டில் பேய் வீடு: எந்த பிளாக்கை எங்கே வைத்தால் பயம் வரும்? புதுச்சேரியின் பூட்டிய வீடுகள் சொல்லித்தரும் பாடம்

"சித்தி, வந்து பாரேன். பேய் வீடு ரெடி!"

ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா பையன் டேப்லெட்டை நீட்டினான். மைன்கிராஃப்ட்டில் ஒரு வாரமாகக் கட்டிய வீடு. சுவர் கறுப்பு, கூரை கறுப்பு, தரையும் கறுப்பு. வாசலில் நான்கு மண்டை ஓடுகள். மூலைக்கு மூலை ஒட்டடை.

"பயமா இருக்கா?"

"இல்லடா."

"எனக்கும் இல்ல. ஏன்னுதான் தெரியல."

அன்று சாயந்திரம் இரண்டு பேரும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதி வீதி ஒன்றில் நடந்து போய்க்கொண்டிருந்தோம். பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று வந்தது. மஞ்சள் சுவர் இடுப்பு உயரம் வரை பொரிந்து, உள்ளே செங்கல் தெரிந்தது. மாடி ஜன்னலின் ஒரு கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. சுவர் விரிசலில் ஓர் அரசங்கன்று. பேசிக்கொண்டே வந்த பையன் சட்டென்று அமைதியாகி, என் பக்கம் ஒட்டிக்கொண்டான்.

அங்கே ஒரு மண்டை ஓடுகூட இல்லை. கறுப்பு நிறமும் இல்லை. பிறகு எப்படிப் பயம் வந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மைன்கிராஃப்ட்: பெற்றோருக்கு ஒரு சின்ன அறிமுகம்

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இருக்கும் மொஜாங் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு இது. முழுப் பதிப்பு 2011 நவம்பரில் வெளியானது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

விளையாட்டின் உலகமே கனசதுரங்களால் ஆனது. ஒவ்வொரு பிளாக்கும் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் என்று கணக்கு. மண், கல், மரம், கண்ணாடி என்று எதையும் வெட்டி எடுக்கலாம், அடுக்கிக் கட்டலாம். கிரியேட்டிவ் முறையில் எல்லா பிளாக்கும் இலவசம். சர்வைவல் முறையில் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். இரவில் ஸோம்பி, க்ரீப்பர் போன்றவை வரும். அதனால் சர்வைவலில் பேய் வீடு கட்டுகிறவர்களுக்கு இரண்டு வேலை: வீடு பயமுறுத்த வேண்டும், ஆனா உண்மையான அரக்கன் உள்ளே வந்துவிடக் கூடாது.

ஏன் கறுப்பு மட்டும் போதாது?

முழுக்கக் கறுப்பாக இருக்கும் வீட்டில் நிழல் தெரியாது, விரிசல் தெரியாது, எது சுவர் எது கதவு என்றே தெரியாது. கண்ணுக்கு ஒரு கறுப்புப் பெட்டிதான் கிடைக்கும். அதில் யாரும் எப்போதும் குடியிருந்ததாகத் தோன்றாது.

விளையாட்டே தானாக உருவாக்கும் ஒரு மாளிகை உண்டு. அடர்ந்த டார்க் ஓக் காட்டுக்குள் நிற்கும் உட்லேண்ட் மேன்ஷன். அதுகூடக் கறுப்பு கிடையாது. கோப்ல்ஸ்டோன் அடித்தளத்தின் மேல் அடர்பழுப்பு டார்க் ஓக் சுவர். ஜன்னல், மாடி, அறைகள் என்று ஒரு பணக்கார வீட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கும். நடுக்காட்டில் இவ்வளவு பெரிய வீட்டை யார் கட்டினார்கள் என்ற கேள்வியே போதும், கால் தயங்கும்.

பேய் வீடு என்பது, ஒரு காலத்தில் மனிதர்கள் நன்றாக வாழ்ந்து, பிறகு விட்டுப்போன வீடு. அதனால் பிளாக் தேர்வு செய்யும்போது இரண்டு கேள்விகள் போதும். வீடு நல்லா இருந்தப்போ இந்த இடத்தில் என்ன இருந்தது? ஆட்கள் போன பிறகு மழையும் காற்றும் செடியும் அதை என்ன செய்தன?

படி 1: முதலில் நல்ல வீட்டைக் கட்டுங்கள்

புதுச்சேரியில் மாதிரிக்குப் பஞ்சமில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு பாணி வீடுகள்: உயரமான மதில், பெரிய வாயிற்கதவு, வளைவு வைத்த நெட்டை ஜன்னல்கள், மஞ்சள் சுவரில் வெள்ளைக் கரை. மேற்கே தமிழ் வீடுகள்: தெருவைப் பார்த்த திண்ணை, மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், நடுவில் முற்றம். கீழ்த்தளம் தமிழ், மாடி பிரெஞ்சு என்று இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு.

மஞ்சள் சுவருக்கு மஞ்சள் கான்கிரீட் பிளாக் வேண்டாம். அது புது பெயின்ட் டப்பா மாதிரி பளிச்சென்று இருக்கும். மஞ்சள் டெரகோட்டா கொஞ்சம் மங்கலானது, வெயிலில் வெளுத்த காவி மஞ்சளுக்கு அதுதான் பக்கம். வெள்ளைக் கரைக்கு கால்சைட் வைக்கலாம். குவார்ட்ஸை விட அதில் சின்னச் சின்ன அழுக்குத் திட்டு அதிகம் தெரியும். தாழ்வாரத் தூணுக்கு பட்டை சீவிய ஸ்ப்ரூஸ் அல்லது டார்க் ஓக்.

இந்த வீட்டைக் கட்டி முடித்ததும் உலகத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 2: சுவரில் தண்ணீர் வந்த வழியைப் பாருங்கள்

நிறைய பேர் செய்யும் தவறு இது: விரிசல் விழுந்த கல், பாசி படிந்த கல் இரண்டையும் சுவர் முழுக்க மிக்சர் மாதிரி தூவிவிடுவது. நிஜச் சுவர் அப்படிக் கெடாது. தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கெடும்.

கடலோர ஊர் என்பதால் நம்ம சுவர்களைப் பார்த்தாலே புரியும். தரையிலிருந்து ஓதம் ஏறும். கூடவே உப்பும் ஏறி, வெளியே பூத்து, பூச்சைப் பொரித்துத் தள்ளும். மேலே, மழைநீர்க் குழாய் உடைந்த இடத்தில் கருத்த கோடு இறங்கும். ஜன்னல் விளிம்புக்குக் கீழே ஒரு பச்சைத் திட்டு. நடுச்சுவர் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

இதை அப்படியே பிளாக்காக மாற்றலாம்:

- தரையை ஒட்டிய முதல் வரிசை: பாசி படிந்த கோப்ல்ஸ்டோன். கோப்ல்ஸ்டோனோடு கொடி அல்லது பாசி பிளாக் சேர்த்தால் கிடைக்கும்.
- இரண்டாம் வரிசை: மஞ்சள் டெரகோட்டாவுக்கு நடுவே அங்கங்கே செங்கல் பிளாக். பூச்சு விழுந்து உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி. செங்கல் இரண்டு மூன்றாகச் சேர்ந்து இருக்கட்டும், தனித்தனியாக வேண்டாம்.
- நடுச்சுவர்: கை வைக்காதீர்கள். நல்ல பகுதி இருந்தால்தான் கெட்ட பகுதி கண்ணில் படும்.
- கூரைக்குக் கீழே: ஒரே ஒரு இடத்தில் மேலிருந்து கீழாகச் செல்லும் கறை. அதற்குப் பழுப்பு டெரகோட்டா போதும்.

கல் மதில் கட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஸ்டோன் பிரிக்ஸை உலையில் மறுபடி சுட்டால் விரிசல் விழுந்த வகை கிடைக்கும். அதை மதிலின் மூலைகளிலும், கதவு வளைவின் உச்சியிலும் வையுங்கள். பாரம் இறங்கும் இடங்கள் அவைதான்.

படி 3: கூரை கொஞ்சம் தொய்யட்டும்

பழைய வீடு என்று சொல்ல ஒரே ஒரு அடையாளம் போதுமென்றால், அது நேராக இல்லாத கூரை. மைன்கிராஃப்ட்டில் பிளாக் வளையாது. ஆனா பாதி உயர ஸ்லாப் இருக்கிறது. ஓட்டுக் கூரையின் நடுப்பகுதியை அரை பிளாக் கீழே இறக்கினால், உள்ளே உத்திரம் உளுத்து ஓடு தொய்ந்த மாதிரி தெரியும். நாட்டு ஓட்டுக்கு செங்கல் படிகளும் மண் செங்கல் படிகளும் கலந்து வைக்கலாம். இரண்டு மூன்று ஓட்டை எடுத்துவிட்டு, அதற்கு நேர் கீழே தரையிலும் பாசி வையுங்கள். மழை உள்ளே விழுந்தால் தரை மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

புதுச்சேரியின் பழைய வீடுகள் பலவற்றில் இருப்பது மெட்ராஸ் டெரஸ் என்ற தட்டைக் கூரை. வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் இறுக்கிய கூரை. விளையாட்டில், அறைக்குள் நின்று மேலே பார்த்தால் கட்டை, செங்கல், கட்டை, செங்கல் என்று வரிசையாகத் தெரிய வேண்டும். ஒரு கட்டையை மட்டும் பாதியோடு நிறுத்துங்கள். அந்த அறையில் வேறு அலங்காரமே தேவையில்லை.

படி 4: கதவும் ஜன்னலும்

நம்ம ஊர்ப் பச்சை ஜன்னல் கதவுகளுக்கு எதிர்பாராத ஒரு பிளாக் பொருந்துகிறது: செம்பு ட்ராப்டோர். 2024 ஜூனில் வந்த பதிப்பில் சேர்ந்தது. மைன்கிராஃப்ட் செம்பு காலப்போக்கில் தானாகக் களிம்பேறும். ஆரஞ்சில் தொடங்கி நான்கு நிலைகளில் நீலப்பச்சைக்குப் போகும். கடைசி நிலை, வெளுத்த பச்சை பெயின்ட் மாதிரியே இருக்கும். எல்லா ஜன்னலும் ஒரே நிறத்தில் இல்லாமல், மழைச்சாரல் அடிக்கும் பக்கம் முழுப் பச்சை, தாழ்வாரத்துக்குள் பாதிக் களிம்பு என்று வைக்கலாம். பிடித்த நிலையில் அதை நிறுத்த, தேன்கூட்டு மெழுகைத் தடவினால் போதும். கோடரியால் சுரண்டினால் ஒவ்வொரு நிலையாகப் பழையபடி திரும்பும்.

ட்ராப்டோர் எல்லாவற்றையும் மூடி வைக்காதீர்கள். ஐந்து ஜன்னல் மூடி, ஒன்று மட்டும் திறந்திருந்தால் கண் நேராக அங்கேதான் போகும்.

உள்ளே வெளிறிய மரம் வேண்டுமென்றால் 2024 டிசம்பரில் வந்த பேல் ஓக் இருக்கிறது. சாம்பல் பூசிய வெள்ளை. அந்தக் காட்டில் க்ரீக்கிங் என்று ஒரு உருவம் உண்டு. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அசையாது, பார்வையைத் திருப்பினால் நெருங்கி வரும். அதன் உயிர் க்ரீக்கிங் ஹார்ட் என்ற பிளாக்கில் இருக்கிறது. சில்க் டச் கருவியால் அதை எடுத்து வந்து, இரண்டு பேல் ஓக் மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்தால் இரவில் உயிர்பெறும். தாழ்வாரத் தூணின் நடுத்துண்டாக அதை வைத்தால்? விருந்தாளிகள் பாடு திண்டாட்டம்தான். சர்வைவலில் முதலில் உங்களையே அது அடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 5: வெளிச்சம்தான் பாதி வேலை

மைன்கிராஃப்ட்டில் வெளிச்சத்துக்கு 0 முதல் 15 வரை அளவு உண்டு. விளக்கிலிருந்து ஒவ்வொரு பிளாக் தள்ளிப் போகும்போதும் ஒன்று குறையும். 2021 இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஸோம்பி போன்றவை விளக்கு வெளிச்சம் முழுப் பூஜ்யமாக இருக்கும் இடத்தில்தான் தோன்றும். பேய் வீடு கட்டுகிறவர்களுக்கு இது பெரிய வரம். வீடு மங்கலாகவும் இருக்கலாம், பாதுகாப்பாகவும் இருக்கலாம்.

- லான்டர்ன்: 15. பேய் வீட்டுக்கு அதிகம்.
- சாதாரண டார்ச்: 14. கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும்.
- சோல் டார்ச், சோல் லான்டர்ன்: 10. நீல வெளிச்சம்.
- ரெட்ஸ்டோன் டார்ச்: 7. மங்கிய சிவப்பு.
- மெழுகுவர்த்தி: ஒன்றுக்கு 3, ஒரே பிளாக்கில் நான்கு வைத்தால் 12.

கணக்கு எளிது. சோல் டார்ச்சிலிருந்து நேர்க்கோட்டில் 9 பிளாக் வரை வெளிச்சம் 1 இருக்கும், பத்தாவதில் பூஜ்யம். மூலைவிட்டமாக எண்ணும்போது குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று கூட்டிக்கொள்ளுங்கள். விளக்கே வேண்டாம் என்று நினைக்கும் அறையில், தரையை அடிப்பாதி ஸ்லாப்பால் போடலாம். அதன் மேல் அரக்கர்கள் தோன்ற மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் அமைப்பில் பீஸ்ஃபுல் நிலையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம் இருக்கட்டும். பூட்டிய வீட்டில் விளக்கு எரிகிறது என்றால், ஏற்றியது யார்?

படி 6: செடியும் ஒட்டடையும், அளவோடு

நம்ம ஊரில் விட்டுப்போன வீட்டுக்குள் முதலில் குடியேறுவது அரசும் ஆலும். பறவை போட்ட விதை, விரிசலில் முளைத்து, வேர் இறங்கி, சுவரையே பிளக்கும். விளையாட்டில் அலையாத்தி மரத்தின் வேர் பிளாக்கை எடுத்து, மாடி விளிம்பிலிருந்து கீழே இறங்குகிற மாதிரி வையுங்கள். மேலே கொஞ்சம் இலை. நாம் கையால் வைத்த இலைகள் தானாக உதிராது.

கொடி வைக்கும்போது கவனம். அது பக்கத்துச் சுவருக்கும் தானாகப் பரவும். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் வீடு காணாமல் போயிருக்கும். ஒட்டடையை எடுக்கக் கத்தரி வேண்டும். வாளால் வெட்டினால் நூல்தான் கிடைக்கும். அறைக்கு ஒன்று போதும், அதுவும் ஆள் நடமாடாத மேல் மூலையில். நடக்கும் வழியில் வைத்தால் விளையாடுகிறவர்களின் வேகம் குறைந்து எரிச்சல்தான் வரும்.

விளையாட்டில் விழாத வீடு

இவ்வளவு சொன்னதும் பையன் ஒரு சோதனை செய்து பார்த்தான். வீட்டின் கீழ்ச்சுவர் முழுவதையும் உடைத்தான். மாடி அப்படியே அந்தரத்தில் நின்றது. மைன்கிராஃப்ட்டில் மணல், சரளை மாதிரி சிலதைத் தவிர எதுவும் கீழே விழாது.

நிஜ வீடு விழும். கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நின்ற மேரி கட்டடம், பிரெஞ்சு காலத்து நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பல வருஷமாக அதன் விரிசல்களை ஊரே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி, 2021-ல் திறந்தார்கள். இன்று அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கிறோம். ஆனா அது பழைய சுவர் இல்லை.

பேய் வீட்டுக்காக நாம் தேடித்தேடி வைத்த ஒவ்வொரு பிளாக்கும், நிஜத்தில் ஒரு பராமரிப்பு வேலை நடக்காமல் போனதன் அடையாளம். பாசி என்றால் அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய். தொய்ந்த கூரை என்றால் மாற்றாமல் விட்ட ஒரு கட்டை. பொரிந்த பூச்சு பல நேரம் நல்லெண்ணத்தில் செய்த தவறு: சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். தானே, ஃபெஞ்சல் மாதிரி புயல்கள் வரும் ஊரில் இதற்கெல்லாம் தவணை கிடைக்காது.

மீட்கவும் முடியும். வைசியாள் வீதியில் வீடுகளின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் முகப்பையும் இன்டாக் அமைப்பு முன்னின்று சீரமைத்தது. அந்தப் பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இந்த ஊரே ஒருமுறை மொத்தமாக எழுந்து வந்ததுதான். 1761-ல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்துத் தள்ளிய பிறகு கட்டப்பட்டதுதான் இன்று நாம் நடக்கும் நகரம்.

இன்னொன்று. மாதிரி பார்க்கிறோம், ரீல்ஸ் எடுக்கிறோம் என்று பூட்டிய வீட்டுக்குள் ஏறிக் குதிக்காதீர்கள். உளுத்த கட்டை எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது, பாம்பும் இருக்கும். அந்த வீட்டுக்கு உரிமையாளரும் இருப்பார். தெருவில் நின்று ஒரு படம் எடுத்தால் போதும், மேலே சொன்ன எல்லாப் பாடமும் முகப்பிலேயே இருக்கிறது.

எடுத்துவைத்த பிரதியை என்ன செய்வது?

முதல் படியில் நல்ல வீட்டைப் பிரதி எடுக்கச் சொன்னேன் இல்லையா? பேய் வீடு முடிந்ததும் அதைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு பேய் வீட்டிலிருந்து நல்ல வீட்டுக்குத் திரும்பிப் போக முயலுங்கள். கூரையில் தொடங்க வேண்டும், ஏனென்றால் மழையை நிறுத்தாமல் சுவரைப் பூசிப் பயனில்லை. பிறகு வேர், பிறகு அடிச்சுவர், கடைசியில் கோடரி எடுத்து ஜன்னல் களிம்பைச் சுரண்டலாம். கட்டியதை விட இது கஷ்டமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. மண்டை ஓடுகளை அவனே எடுத்துவிட்டான். நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்: "சித்தி, அந்த மஞ்சள் வீட்டு அரசங்கன்னை இப்பவே புடுங்கினா சுவர் தப்பிச்சுடும்ல?"

சின்னக் கன்றாக இருக்கும்போது, வேர் மிஞ்சாமல் எடுத்து, விரிசலைச் சுண்ணாம்பால் அடைத்தால் தப்பிக்கும் என்றேன். அந்த வீட்டுக்காரர் யார் என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கலாமா என்று கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.